ஐயத்தின் சுமையை யார் ஏற்பது?

போர்க்களத்திற் பட்ட புண்ணை மதிப்பதற்குச் சமூகங்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை. தமிழில் 'விழுப்புண்' என்னும் சொல்லே அம்மதிப்புக்குச் சான்றாகும். குண்டு துளைத்த உடலுக்குக் கொடுப்பனவு வழங்குவதில் அரசுகளுக்கும் பெரும் இடர்ப்பாடு இல்லை. காயம் கண்ணுக்குப் புலனாகின்றது. ஆனால், களத்தை விட்டு நீங்கி இருபது ஆண்டுகளின் பின் தோன்றும் நாட்பட்ட நோய் எவ்வாறு கருதப்படல் வேண்டும்? அது போரின் விளைவா, முதுமையின் விளைவா என்று எவராலும் உறுதியாகக் கூற முடியாதவிடத்து, அவ்வையத்தின் சுமையைத் தாங்க வேண்டியவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவில் இது வெறும் ஏட்டு வினாவாக இருக்கவில்லை. வியட்நாம் போரின்போது, 1962 முதல் 1971 வரை, அந்நாட்டுப் படையினர் காடுகளின் இலைகளை உதிர்க்கவும் பயிர்களை அழிக்கவும் 7 கோடி லீற்றருக்கும் மேற்பட்ட களைகொல்லிகளைத் தெளித்தனர். அவற்றுட் பெரும்பகுதி 'ஏஜென்ற் ஒறேஞ்ச்' எனப்பட்டது. அதிற் கலந்திருந்த டயொக்சின் கொடிய நஞ்சாகும். நாடு திரும்பிய வீரர்கள் பிற்காலத்திற் புற்றுநோய் முதலியவற்றால் வருந்தி இயலாமைக் கொடுப்பனவு கோரியபோது, நோய்க்கும் சேவைக்குமுள்ள தொடர்பை எண்பிக்குமாறு கேட்கப்பட்டனர். படைச்சேவையின் பொருட்டு நேர்ந்த தீங்கிற்காக அரசின்மீது வழக்குத் தொடரும் வாயிலை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1950இல், பெரெஸ் வழக்கில், ஏற்கெனவே அடைத்திருந்தது. நஞ்சை உற்பத்தி செய்த கம்பனிகள் 1984இல் 18 கோடி டொலர் வழங்க உடன்பட்டன. ஆயினும் குற்றப்பொறுப்பை ஏற்கவில்லை.

இங்கு கேட்கப்பட்ட சான்றின் இயல்பு ஆராயத்தக்கது. ஒரு வீரனின் உடலில் எவ்வளவு நஞ்சு சேர்ந்தது என்பதைக் களத்தில் எவரும் அளக்கவில்லை. எங்கு செல்வது, எந்த நீரைப் பருகுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை. பதிவேடுகளும் அவன் கையில் இல்லை. மருத்துவப் புள்ளிவிபரங்களோ, பெருந்தொகையான மக்களிடையே ஒரு நோய் மிகுந்துள்ளதா என்பதைக் கூறுமேயன்றி, இன்ன மனிதனின் நோய் இன்ன காரணத்தால் வந்தது என்று கூறமாட்டா. எனவே தனியொருவனிடம் ஐயந்திரிபற்ற சான்றைக் கோருவது, உலகில் இல்லாத ஒன்றைக் கோருவதாகும்.

இதற்கு மறுப்பும் உண்டு; அது எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் வியட்நாமைக் கண்டிராதோரையும் பீடிக்கின்றன. அவற்றையெல்லாம் நஞ்சின் விளைவாகக் கொள்ளின், பொதுமக்களின் வரிப்பணம் உரித்தில்லாதார்க்கும் சென்றடையும். இரக்கம் நியாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதே மறுப்பாளரின் அச்சம்.

இவ்வச்சத்திற்கு விடை, இருவகைப் பிழைகளையும் ஒப்பிடுவதிலே தங்கியுள்ளது. உரித்தில்லாத ஒருவனுக்குக் கொடுப்பது ஒரு பிழை. உரித்துள்ள ஒருவனுக்கு மறுப்பது மற்றொரு பிழை. முன்னையதன் இழப்பு கோடிக்கணக்கானோரிடையே சிறுசிறு கூறுகளாகப் பகிரப்படுகின்றது. பின்னையது ஒரே வீட்டில், ஒரே நோயாளியின் தலையில் முழுமையாக இறங்குகின்றது. அன்றியும், அறியாமையை உண்டாக்கியவர் யார் என்பதும் நோக்கற்பாலது. நஞ்சைத் தெளிக்க ஆணையிட்டதும், அளக்காது விட்டதும் அரசே. தான் தேடி வைக்காத சான்று இல்லையென்பதைத் தனக்குச் சாதகமாக்கும் உரிமை அதற்கு இல்லை.

1991இல் இயற்றப்பட்ட 'ஏஜென்ற் ஒறேஞ்ச்' சட்டம் இந்நியாயத்தை ஓரளவு ஏற்றது. வியட்நாமிற் சேவையாற்றியவருக்கு, வரையறுக்கப்பட்ட நோய்களுள் ஒன்று காணப்படின், அது சேவையால் விளைந்ததாகவே கொள்ளப்படும். அன்றென மறுப்பதற்கே சான்று வேண்டும். வளைகுடாப் போரிலிருந்து இனங்காணப்படாத நோய்களுடன் மீண்டோருக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கொடுப்பனவு வழங்க இடமளித்தது. இவை விஞ்ஞானத்தை மறுக்கும் செயல்களல்ல. உண்மை யாதெனக் கூறுவது வேறு. உண்மை தெரியாதபோது எவ்வாறு நடப்பது எனத் தீர்மானிப்பது வேறு. முன்னையது அறிவியலின் பணி. பின்னையது அறத்தின் பணி.

ஆயினும் நீரிழிவு அப்பட்டியலிற் சேர்ந்தது 2001இலேயே. உயர் குருதியமுக்கம் சேர்ந்தது 2022இலேயே. தெளிப்பு நின்று அதற்குள் ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திருத்தல் நடுநிலை போலத் தோன்றலாம். நோயாளியைப் பொறுத்தவரை அத்தாமதமும் ஒரு தீர்ப்பே.

இவ்வறம் உண்மையானதாயின், அது சீருடையின் எல்லையில் நின்றுவிட முடியாது. அதே நஞ்சு வியட்நாமிய உழவர்மீதும் பொழிந்தது. அவர்கள் சார்பில் அமெரிக்கக் கம்பனிகளுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கு 2005இல் தள்ளுபடியானது. 2009இல் உயர் நீதிமன்றம் அதனை விசாரிக்க மறுத்தது. அமெரிக்க அரசு பின்னர் நஞ்சேறிய நிலத்தைத் தூய்மையாக்க நிதியளித்தது. அங்குள்ள இயலாதோருக்கும் உதவியது. ஆனால் அது உதவியாகவே வழங்கப்பட்டது, கடனாக ஏற்கப்படவில்லை. வீரனுக்கு உரித்தாவது அவன் சீருடை அணிந்தமையாலா, அன்றித் தானறியாத நஞ்சுக்குப் பிறராணையால் உட்படுத்தப்பட்டமையாலா? பின்னையதே காரணமாயின், தன் வயலில் நின்று மேலே பார்த்த உழவனுக்கும் அதே ஐயத்தின் நன்மை உரியதாகும்.