காய்ச்சலோடு கிரிவலமா?

ஐப்பசி மழை தொடங்கியதும் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் தும்மல் சத்தம் கூடிவிடும். வேண்டுதலுக்காக மலையைச் சுற்றுகிறவர்கள் உண்டு, சர்க்கரையைக் குறைக்கச் சுற்றுகிறவர்களும் உண்டு. ஒரு நாள் விடுவதென்றால் இருவருக்குமே மனசு ஒப்பாது. "வெறும் தடுமன்தானே, நாலு எட்டு நடந்தா சரியாப்போகும்" என்பார்கள்.

அமெரிக்காவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 50 மாணவர்களுக்குச் சளிக் கிருமியை மூக்கில் விட்டு, ஒரு பிரிவினரை ஒன்றுவிட்டு ஒரு நாள் 40 நிமிடம் மிதமான பயிற்சி செய்யவைத்தார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். 1998-இல் வெளியான முடிவு: சளியின் கடுமையிலும் அது நீடித்த நாட்களிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது நடந்ததால் சளி முற்றவில்லை. சீக்கிரம் போகவும் இல்லை. நம் நடைக்காரர்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்கள்.

விளையாட்டு மருத்துவர்கள் கழுத்தை எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால் மெதுவாக நடக்கலாம். நெஞ்சுச் சளி, மூச்சிரைப்பு, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். காய்ச்சல் வந்துவிட்டாலோ, மேல் கீழ் பார்க்கவே வேண்டாம். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் பத்து முறை கூடுதலாகத் துடிக்கும். நீங்கள் படுத்திருக்கும்போதே அதற்கு வேலை அதிகம். சில வைரஸ்கள் இதயத் தசையையே தாக்கும். அப்படி இதயத்தில் அழற்சி கண்ட வீரர்களைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை மைதானத்தில் இறங்க விடுவதில்லை.

"வேர்த்தால் காய்ச்சல் இறங்கிரும்" என்ற வைத்தியத்தை விட்டுவிடுங்கள். காய்ச்சல் இறங்குவதால்தான் வேர்க்கிறது. ஓடி வேர்க்கவைத்தால் உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும். பாராசிட்டமால் போட்டுச் சூட்டை அமுக்கிவிட்டு நடைக்குக் கிளம்புவது அதைவிட மோசம். மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் உடம்பு சுடாமல் இருந்தால்தான் காய்ச்சல் விட்டதாகப் பொருள்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும், அதை நடந்து இறக்கப் பார்க்காதீர்கள். அடிக்கடி அளந்து பாருங்கள், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். வேண்டுதல்காரர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. பௌர்ணமி மாதாமாதம் வருகிறது, முருகன் வருகைப் பதிவேடு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. கொசு பரப்பும் நோய்களை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-களிலேயே மதுரையில் தனி மையம் அமைத்தது. நம் கொசுக்களுக்கு அவ்வளவு பெயர்! மழைக்காலத்தில் வருவது டெங்குவாக இருந்தால், காய்ச்சல் கொதிக்கும் நாட்களைவிட அது தணியும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், தட்டணுக்கள் குறையும். "விட்டிருச்சு" என்று ஷூவை மாட்டத் தோன்றுவதும் அதே நாட்களில்தான்.

ஆகவே இந்தப் பருவத்தில் காய்ச்சல் கண்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டர் சரி என்ற பிறகு முதல் சில நாள் பாதிச் சுற்றோடு திரும்பிவிடுங்கள். காய்ச்சல் தணிந்த பிறகு கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத அசதி இவற்றில் ஒன்று தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.