வேலி கடந்து வரும் மகரந்தம்

சாக்லேட்டில் பொதிந்து வரும் ஹேசல் பருப்பை நம்மில் பலர் சுவைத்திருப்போம். அதன் மரம் குளிர்நாடுகளுக்கு உரியது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் வீட்டுத் தோட்டங்களிலும் அதனை வளர்க்கின்றனர். 'கென்டிஷ் காப்' என்னும் புகழ்பெற்ற வகை 1830ஆம் ஆண்டையொட்டி அங்குதான் அறிமுகமாயிற்று.

இம்மரத்தின் இயல்பு நம் சிந்தனைக்குரியது. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில்தான் மலர்கின்றன. குளிர்காலத்தில் ஆண்பூக்கள் மஞ்சள் குஞ்சங்களாய்த் தொங்கும். பெண்பூவோ மொட்டின் நுனியில் சில சிவந்த இழைகளாக மட்டுமே தென்படும். ஆயினும் தன் மகரந்தத்தைக் கொண்டே அம்மரம் காய்ப்பதில்லை. தன் வகையைச் சேர்ந்த மற்றொரு மரம் அருகில் நின்றாலும் பயனில்லை. ஏற்புடைய வேறொரு வகையின் மகரந்தம் காற்றில் வந்து சேரவேண்டும். எனவேதான் கென்டிஷ் காப் நடுவோர் பக்கத்தில் 'காஸ்ஃபர்ட்' போன்ற வேறு வகையையும் நடுகின்றனர். இடமில்லாதவர் ஒரு மரத்தை மட்டும் நடுகிறார். அடுத்த வீட்டுத் தோட்டத்திலோ வேலியோரப் புதரிலோ நிற்கும் மரம் அதற்குத் துணையாகிறது.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. ஒற்றை மரம் நட்டவர் அடுத்த வீட்டுக்காரருக்கு நன்றிக்கடன் பட்டவரா? இல்லை என்று சொல்ல இடமுண்டு. அடுத்த வீட்டுக்காரர் இவருக்காக மரம் நடவில்லை. மகரந்தத்தை அனுப்பி வைக்கவுமில்லை. நன்மை என்பது கொடுக்கப்படும் பொருளில் அன்று, கொடுப்பவரின் மனத்திலேயே உள்ளது என உரோமை மெய்யியலார் செனேக்கா வாதிட்டார். அம்மனமே இல்லாதபோது நன்றிக்கு இடமேது?

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எண்ணாமல் செய்தவரை, எண்ணிச் செய்தவராகப் போற்றுவது உண்மையாகாது. ஆனால் கடன் இல்லை என்பதால் உறவும் இல்லை என்றாகிவிடுமா? காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. இவருடைய மரமும் இவர் அறியாமலே யாருடைய மரத்தையோ காய்க்கச் செய்து வரலாம். நாளை இவர் தம் மரத்தை வெட்டினால், வேலிக்கு அப்பால் ஒரு மரம் காய்க்காமல் போகலாம். வெட்டும் உரிமை இவருக்கு உண்டு. எனினும், வெட்டுமுன் வேலியோரம் சென்று ஒரு சொல் கேட்பது இவர் கடமை. அறியாமல் பெற்றதற்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, அறியாமல் கொடுத்து வருவதைக் குறித்து விழிப்பாயிருப்பதே என்பது என் எண்ணம்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. குளிர்காலத்தில் வந்து சேர்ந்த மகரந்தம் உடனே கருவுறச் செய்வதில்லை. நான்கைந்து மாதங்கள் பூவினுள் காத்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் பருப்பைக் கையில் ஏந்துபவர் சனவரிக் காற்றை எங்கே நினைக்கப்போகிறார்?

துக்க வீடொன்றில் ஒருவர், "இவர் என்றோ சொன்ன ஒரு சொல்லால்தான் நான் குடியை விட்டேன்" என்று கண்கலங்கக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் அதை அறியாமலேயே கண் மூடிவிட்டார்.

அன்பர்களே, நம் இல்லத்து நலன்களுள் எவையெவை வேலி கடந்து வந்தவை? நம் வாயிலிருந்து இன்று எது வேலி கடந்து செல்கிறது? சிந்திப்போம்.