கரணமும் காப்பும்: திருமணம்சார் சட்ட உரிமைகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மரபுரிமை, குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை முதலிய பல உரிமைகளை அரசு திருமணத்தோடு பிணைத்து வழங்குகிறது. துணைவர் ஒருவர் இறந்தபின் மற்றவர் எதைக்கொண்டு வாழ்வார் என்பதைப் பெரும்பாலும் இவையே முடிவு செய்கின்றன. இவற்றைத் திருமணத்திற்கு மட்டும் உரியனவாக்குதல் அறமாகுமா, அதனால் விலக்கப்படுவோர் யாவர் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கரணத்தின் நோக்கம்

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். உறவை மறைப்பதும், அதில் நிலைத்து நில்லாது நழுவுவதுமே அவை என உரைமரபு விளக்கும். எனவே கரணம் தனக்கெனத் தோன்றியதன்று. நம்பி வந்தவரைக் காக்கத் தோன்றியது. கொடுப்போர் இன்றி உடன்போகியவர்க்கும் கரணம் உண்டு என அவ்வியல் ஏற்பது இக்கருத்தை வலுப்படுத்தும். காப்புத் தேவைப்பட்ட இடம் நோக்கி விதி விரிந்தது எனலாம்.

வடிவமும் பயனும்

பிற்காலத்தில் வடிவமே பயனை மறைத்ததற்குச் சுயமரியாதைத் திருமணங்கள் சான்றாகும். உரிய சடங்குகள் இன்மையால் இத்தகைய திருமணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. 1967ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்த மணங்களையும் செல்லத்தக்கனவாக்கியது. இடைப்பட்ட காலத்தில் அத்தம்பதியரின் இல்லறம் மாறவில்லை. சட்டத்தின் பார்வையே மாறியது. குறை அவர்கள் வாழ்வில் இருந்ததன்று என்பது இதனால் பெறப்படும்.

இன்று விலக்கப்படுவோர்

தன்பாலின இணையர் இன்று அந்நிலையில் உள்ளனர். திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை அரசமைப்பில் இல்லை என 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஒருமனதாகக் கூறியது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் அதில் இணையரை நியமிக்கவும் தடையில்லை என 2024 ஆகஸ்டில் நடுவணரசு தெளிவுபடுத்தியது. ஆயினும் மனைவி, கணவன் என்ற நிலையால் வரும் மரபுரிமையும் குடும்ப ஓய்வூதியமும் அவர்களுக்கு எட்டவில்லை.

விலக்கப்படுவோர் இவர்கள் மட்டுமல்லர். முதுமையில் ஒருவரையொருவர் தாங்கி ஒரே வீட்டில் வாழும் நண்பர்களையும் சட்டம் காண்பதில்லை. சட்டம் வரையறுத்த குடும்பம் உடைய ஊழியர் பணிக்கொடைக்கு வெளியாரை நியமித்தால் அது செல்லாது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் இவ்விதி 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. உழைத்தவரின் விருப்பத்தையே சட்டத்தின் வரையறை இங்கு வென்றுவிடுகிறது.

மறுப்பும் விடையும்

திருமணம் ஐயமற்ற சான்று; அதனை விடுத்து ஒவ்வோர் உறவையும் அரசு துருவி ஆராய்தல் இயலாது, தகாது என்பர். உரிமையோடு பராமரிப்புக் கடமையும் மணத்தில் உண்டு என்றும் கூறுவர். இரண்டும் புறந்தள்ளத்தக்கன அல்ல. ஆனால் கடமையை ஏற்று இருவர் பதிவு செய்துகொள்ள வழி வகுத்தால் இரண்டிற்கும் விடை கிடைக்கும். மேலும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணத்தையொத்த உறவையும் ஏற்றது. முதல் மணத்தை மறைத்து மணந்தவன், ஏமாற்றப்பட்ட பெண்ணுக்குப் பராமரிப்புத் தரவேண்டும் என உச்சநீதிமன்றம் 2013இல் கூறியது. அம்மணம் சட்டப்படி செல்லாது. ஆயினும் காப்பு மறுக்கப்படவில்லை. பொய்யும் வழுவும் கண்ட இடத்தில் காத்தல் என்னும் பழைய நோக்கத்திற்கே அத்தீர்ப்பு மீண்டது எனலாம்.

முடிவுரை

மணத்திற்குரிய உரிமைகளைப் பறிப்பது தீர்வாகாது; பொருள்வளமற்ற கைம்பெண்ணையே அது முதலில் தாக்கும். சார்ந்து வாழ்தலுக்குத் திருமணம் போதிய சான்றாக இருக்கட்டும். ஒரே சான்றாக இருத்தல் வேண்டா. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது இத்திசையில் ஒரு தொடக்கம். கரணம் காப்பிற்காக வந்தது. காப்பு வேண்டுவோரை அதன் பெயராலேயே வெளியே நிறுத்துதல் அறமாகாது.