குவியலுக்குள் நுழைந்த கை

மாலை வேளையில் எம்மிடம் ஓத வரும் மாணவர் ஒருவர், மேல்நிலைப் பள்ளியில் கணிதம் பயில்பவர், அண்மையில் ஒரு வினாவை எழுப்பினார். "ஹஜ்ரத்! நிகழ்தகவு என்றொரு பாடம் நடத்துகிறார்கள். இனி நடக்கப்போவதை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். யாவும் அல்லாஹ்வின் தக்தீர்படியே நடக்கும் என்று ஈமான் கொண்ட நாம் இதனைக் கற்கலாமா?"

வினா நன்று. ஏனெனில், தோல் வாணிபத்தில் உயிர் வாழும் எம் ஆம்பூர் போன்ற ஊர்களில் இஃது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. அன்றாட ஹலால், ஹராமோடு தொடர்புடையதுமாகும்.

தக்தீரைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வழியிலேயே எட்டியது. தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பியோடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கு மேய்த்தாலும் அது விதியே அன்றோ என்றும் விளக்கினார்கள். எது நிகழக்கூடும் என்பதை எடைபோட்டு நடப்பது ஈமானுக்கு முரணன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இது சூதாடிகளின் கணக்கு என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. 1654ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் இக்கலை வளர்ந்தது சூதாட்டப் பணயத்தைப் பங்கிடும் சிக்கலால்தான். ஆயினும் சூதின் தீமையைத் தோலுரித்துக் காட்டுவதும் இதே கணக்குத்தான். தமிழகத்தில் 1968இல் தொடங்கிய அரசு லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. ஒரு ரூபாய்ச் சீட்டுகள் ஒரு லட்சம் விற்று, பரிசாக மொத்தம் ஐம்பதாயிரம் ரூபாய் வழங்கப்படுவதாகக் கொள்வோம். ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு ஐம்பது காசுதான்! மீதி ஐம்பது காசு வாங்கும்போதே தொலைந்தது. கணக்கறிந்த ஏழை அச்சீட்டைத் தொடுவானா?

இனி, பாடத்திற்கு வருவோம். ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எட்டு வகையான முடிவுகள் ஏற்படலாம். தலையே விழாமை ஒரு வகை; ஒரு தலை விழுவது மூன்று வகை; இரு தலை விழுவது மூன்று வகை; மூன்றும் தலையாதல் ஒரு வகை. இவ்வாறு எட்டுப் பங்கையும் உரியவற்றிற்குப் பிரித்து வழங்கும் பட்டியலே 'பரவல்' எனப்படும். நம் பராயிள் கல்வியில் பங்குகள் யாவும் கூடி ஒரு முழுச் சொத்தாவது போல, இங்கும் பங்குகள் யாவும் கூடி ஒன்றாகும். தோலின் எடையை அளக்கிறோம். பழுதான தோல்களையோ ஒன்று, இரண்டு என எண்ணுகிறோம். இவ்வாறு எண்ணத்தக்கவற்றிற்கு உரியது தனிநிலைப் பரவல்.

ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று என்னும் இவ்வெண்களின் அட்டவணையை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த அல்கரஜீ என்னும் அறிஞர் வகுத்தார். அவருக்குப் பின்வந்த அஸ்ஸமவ்அல் தம் நூலில் அதனைப் பாதுகாத்துத் தந்தார். ஜேக்கப் பெர்னூலியின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்தது. அவ்வெண்களை நிகழ்தகவோடு இணைத்து அவர் விளக்கியதே இன்று ஈருறுப்புப் பரவல் என்று கற்பிக்கப்படுகிறது.

இப்போது தோல் கிடங்கிற்குள் நுழைவோம். பெரிய குவியல் ஒன்றில் பத்தில் ஒரு தோல் பழுதென்று கொள்வோம். உண்ணிக் கடியோ, கத்திக் கீறலோ, ஏதோ ஒன்று. கொள்முதலுக்கு வந்தவர் அனைத்தையும் புரட்டிப் பார்க்க இயலாது. பத்துத் தோல்களை மட்டும் உருவிப் பார்க்கிறார். இத்தகைய சோதனை நூறு முறை நடந்தால், சுமார் 35 முறை ஒரு பழுதும் அகப்படாது. 39 முறை ஒன்று அகப்படும். 19 முறை இரண்டு. எஞ்சிய 7 முறையே மூன்றோ அதற்கு மேலோ அகப்படும். பத்துக்குப் பதில் முப்பது தோல்களைப் பார்த்தால், ஒரு பழுதும் அகப்படாமை நூற்றுக்கு நான்காகக் குறையும். எனினும் அறவே நீங்கிவிடாது.

ஈண்டு நம் நெஞ்சில் எழ வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்டு, அதனுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று; ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம்.

தம் குவியலில் பத்தில் ஒன்று பழுதென்று அறிந்திருந்தும், நூற்றுக்கு 35 முறை தப்பிவிடலாம் என்று வாய்மூடி நிற்பவர் வாணிபம் செய்யவில்லை. பிறர் பொருளை வைத்துச் சூதாடுகிறார். கிடைத்தால் தமக்கு, தோற்றாலோ வாங்கியவருக்கு!

இக்கணக்கு செல்லுபடியாக இரு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு தோலும் பழுதாயிருக்கும் வாய்ப்பு ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒன்றின் நிலை மற்றொன்றைச் சார்ந்திராமலும் இருத்தல் வேண்டும். ஒரே டிரம்மில் சுழன்ற தோல்கள் ஒரே குறையை ஒருங்கே பெறக்கூடும். அவற்றிலிருந்தே பத்தை எடுத்துப் பார்ப்பது, ஒரு தோலைப் பத்து முறை பார்ப்பதற்கு ஒப்பாகிவிடும். நல்லவற்றை மேலடுக்கில் பரப்பி வைப்பவரோ கணக்கின் அடித்தளத்தையே பெயர்த்துவிடுகிறார். அவர் முன் எந்தப் பேராசிரியரின் கணிதமும் செல்லாது.

நாணயத்தின் மறுபுறத்தையும் நாம் நோக்க வேண்டும். நேர்மையான ஒருவரின் சரக்கில் நூற்றுக்கு இரண்டே பழுதென்று கொள்வோம். அவரிடமும் பத்துத் தோல்களைப் பார்ப்பவருக்கு, நூற்றுக்குச் சுமார் 18 முறை ஒரு பழுதேனும் தென்பட்டே தீரும்! அந்த ஒரு தோலைத் தூக்கிப் பிடித்து, இவர் மோசடிக்காரர் என்று சந்தையெங்கும் பறைசாற்றுவது நீதியாகுமா? காலணித் தொழிற்சாலையில் ஒரு நாள் இரண்டு ஜோடி அதிகமாகக் கழிக்கப்பட்டதென்று, குடும்பச் சுமையோடு தையல் எந்திரத்தின் முன் குனிந்திருக்கும் சகோதரியின் கூலியில் கைவைப்பது தகுமா? ஊகங்களில் பலவற்றைத் தவிர்க்குமாறும், அவற்றில் சில பாவமென்றும் திருமறை எச்சரிக்கின்றதே! தற்செயல் எது, கவனக்குறைவு எது என்று பிரித்தறியப் பல நாள் கணக்கு வேண்டும். அதுவரை நல்லெண்ணம் கொள்வதே கடமை.

ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறிய விடை இதுதான்: "தாராளமாகக் கற்றுக்கொள், தம்பி. குவியலில் நம் கைக்கு எட்டாமல் எவ்வளவு மறைந்து கிடக்கிறது என்பதை இக்கல்வி உனக்கு உரைக்கும். விற்கும்போது அந்த மறைவுக்குள் ஒளிந்துகொள்ளாதே. வாங்கும்போது அந்த மறைவைக் கொண்டு பிறரைப் பழிக்காதே. நூற்றுக்கு 35 முறை மனிதர் கண்ணுக்குத் தப்பலாம். அல்லாஹ்வோ சிலவற்றை மட்டும் உருவிப் பார்ப்பவன் அல்லன். குவியல் முழுவதையும் அறிந்தவன்."

அளவையிலும் நிறுவையிலும் மட்டுமின்றி, ஒருவரையொருவர் மதிப்பிடுவதிலும் நீதி தவறாதிருக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.