மறைவில் எடுத்த முகங்கள்

1938ஆம் ஆண்டுக்கும் 1941ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், வாக்கர் எவான்ஸ் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நியூயார்க் மாநகரின் சுரங்க இரயில்களில் அடிக்கடி பயணம் செய்தார். அவரது மேலங்கிக்குள் சிறியதொரு காண்டாக்ஸ் கேமரா இருந்தது. அதன் பளபளக்கும் பகுதிகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார். இரு பொத்தான்களுக்கு இடையே கண்ணாடிவில்லை மட்டும் வெளியே தெரியும். படமெடுக்கும் விசையின் கம்பி அங்கியின் கைப்பகுதி வழியே உள்ளங்கைக்கு வந்தது. எதிர் இருக்கையில் இருந்தோர் இதனை அறியார்.

இம்முறையில் குறிபார்க்க இயலாது, ஒளியமைக்க இயலாது. எதிரே எவர் வந்து அமர்கின்றாரோ அவரே படம். செய்தித்தாளில் ஆழ்ந்தவர், தொப்பியணிந்த பெண்மணி, இருக்கைகளுக்கிடையே அக்கார்டியன் வாசித்து வரும் பார்வையற்றவர் என அம்முகங்களை நாம் காணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது. கேமராவின் முன் நின்றால் நாமனைவரும் ஒரு முகத்தை அணிந்து கொள்கிறோம் அல்லவா? இங்கே அது கழன்று கிடக்கின்றது. உழைத்துக் களைத்து வீடு திரும்பும் மனிதர், இறைவன் ஒருவரே காணும் முகத்துடன் அமர்ந்திருக்கின்றார்.

ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடுவதில்லை. அம்முகத்தை எடுத்துக்கொள்ள எவான்சுக்கு உரிமை கொடுத்தவர் யார்?

ஒரு செயல் நன்றா தீதா என்று அறிய, செய்யப்படுவது யாது, நோக்கம் யாது, சூழ்நிலை யாது என்னும் மூன்றையும் ஆராய வேண்டும் எனக் குருமடத்தில் நாம் பயின்றோம். இங்கே நோக்கத்தில் குறை காண இயலவில்லை. அவர் எவரையும் ஏளனம் செய்யவில்லை. சூழ்நிலையோ பொது வண்டி. ஆனால் செய்யப்பட்டது யாது என்ற இடத்தில் நாம் தடுமாறுகிறோம். உடன் பயணம் செய்தோர் அனைவரும் அம்முகத்தைப் பார்த்தனரே என்பர் சிலர். உண்மைதான். பார்த்தவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி மறந்திருப்பார்கள். படம் அப்படி மறப்பதில்லையே!

நீதிமன்றம் இதற்கு ஒரு விடை தந்தது. அதே நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், 1999 முதல் 2001 வரை, பிலிப் லோர்கா டிகோர்சியா என்பவர் வழிப்போக்கர்களை அவர்கள் அறியாமலே படமெடுத்துக் காட்சிக்கு வைத்தார். படிகளை விற்கவும் செய்தார். அவர்களுள் ஒருவர், தம் உருவத்தை இவ்வாறு பயன்படுத்துவது தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்று வழக்குத் தொடுத்தார். அப்படம் கலைப்படைப்பு என்று கூறி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் தன் எல்லைவரை பேசிவிட்டது. மனச்சான்று அங்கேயே நின்றுவிட வேண்டுமா?

எவான்சின் மனச்சான்று அவ்வாறு நிற்கவில்லை. தம் செயல் ஒற்றனின் செயலை ஒத்தது என அவரே வருந்தினார். சில படங்கள் இதழ்களில் வந்தன என்பது மெய்யே. எனினும் நூல் வெளிவந்தது 1966இல்தான். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'மெனி ஆர் கால்ட்'. அழைக்கப்பட்டோர் பலர் என்பது அதன் பொருள். மத்தேயு நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில், திருமண விருந்து உவமையின் முடிவில் வரும் சொற்கள் இவை என்பதை வாசகர் அறிவர். அரசரின் பணியாளர்கள் வழியோரங்களுக்குச் சென்று நல்லோர் தீயோர் என்று பாராமல் அனைவரையும் கூட்டி வருகின்றனர். தெரிந்தெடுக்கப்பட்டோர் சிலர் என்னும் பிற்பகுதியை எவான்ஸ் விட்டுவிட்டார். தீர்ப்பிடும் அதிகாரம் கேமராவுக்கு இல்லை என்று அவர் எண்ணினாரோ என்னவோ, நமக்கு அவ்வாறே தோன்றுகின்றது.

இதனையெல்லாம் நாம் ஆராயப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில், கணவரை இழந்து ஒரு மாதமே ஆன பெண்மணி ஒருவர், மாலைத் திருப்பலி முடிந்து விளக்குகள் அணைந்தபின் கடைசி வரிசையில் தனியே அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். நற்கருணைப் பேழையருகே எரிந்த விளக்கின் ஒளி மட்டும் எட்டியது. புதிதாகக் கேமரா வாங்கிய பங்கு இளைஞர் ஒருவர் அதனைப் படமெடுத்தார். அழகான படம். அவரை நாமே பாராட்டினோம். திருவிழா மலரின் அட்டையில் அதனை அச்சிடச் சொன்னதும் நாமே. 'செபம்' என்று தலைப்பும் கொடுத்தோம்.

மலர் வெளியான மறுநாள் அப்பெண்மணி பங்கு இல்லத்திற்கு வந்தார். கோபப்படவில்லை. "சாமி, நான் அங்க ஆண்டவர்கிட்ட மட்டுந்தான் அழுதேன்" என்றார்.

நோவா தம் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடந்தபோது, காம் அதனைக் கண்டு வெளியே சென்று அறிவித்தான். சேமும் எப்பேத்தும் பின்னோக்கி நடந்து சென்று தந்தையை மூடினர். இப்பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அன்றுதான் அது நம்மைக் குறித்துப் பேசியது.

மன்னிப்புக் கேட்டோம், அவர் மன்னித்தார். திருப்பலிக்கு வருவதையும் நிறுத்தவில்லை. ஆனால் திருப்பலி முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறிவிடுகின்றார். விற்காத மலர்கள் திருப்பொருளறை அலமாரியின் கீழ்த்தட்டில், அட்டை கீழ்நோக்கிக் கிடக்கின்றன.