திடமனதா? பிடிவாதமா?



விசுவாசத்தில் உறுதியாய் நிற்க வேண்டும் என்று திருச்சபை நமக்கு ஓயாமல் புத்தி சொல்லி வருகிறது. ஆனால் "நான் சொன்னால் சொன்னதுதான்" என்று நிற்கிறவனும் தன்னை உறுதியுள்ள கிறிஸ்தவன் என்றே எண்ணிக்கொள்கிறான். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வேரூன்றிய மரமும் அசையாது. பட்டுப்போன கட்டையும் அசையாது. மழை பெய்தால் அல்லவா வேற்றுமை தெரியும்? ஒன்று தளிர்க்கும்; மற்றது உளுத்துப்போகும்.

எகிப்து அரசனாகிய பாரவோனைப் பாருங்கள். மோயீசன் சொன்னதை அவன் கேட்கவில்லை. இது கடவுளின் செயல் என்று அவனுடைய மந்திரவாதிகளே சொன்னபோதும் கேட்கவில்லை. நாடு பாழாயிற்றே என்று ஊழியர்கள் முறையிட்டபோதும் மனம் இளகவில்லை. வாதை வந்தால் மன்றாடுவான். வாதை நீங்கினால் பழையபடி கடினப்படுவான். அவனுடைய வீம்புக்கு விலை கொடுத்தவர்கள் யார்? ஒரு பாவமும் அறியாத குடிமக்களின் தலைப்பிள்ளைகள்!

இனி, நம் மண்ணில் பிறந்த அர்ச்சியசிஷ்ட தேவசகாயத்தைப் பாருங்கள். 1712-ம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த அவர், நீலகண்டன் என்னும் பெயரோடு திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். குடும்பத்தில் நேர்ந்த நஷ்டங்களால் அவர் மனம் கலங்கியிருந்தபோது, டிலனாய் என்னும் டச்சுத் தளபதி அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துரைத்தார். டிலனாயோ 1741-ல் குளச்சல் யுத்தத்தில் தோற்றுப் பிடிபட்டவர். "பிடிபட்டு வந்த அந்நியனிடமா நான் பாடம் கேட்பது?" என்று நீலகண்டன் தள்ளிவிடவில்லை, கேட்டார், சிந்தித்தார், மனம் மாறினார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

1749-ல் அவரைச் சிறைப்பிடித்தார்கள், அடித்தார்கள், எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். அவர் அசையவில்லை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர் துறந்தார். 2022-ல் பிரான்சிஸ் பாப்பானவர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இதைக் கவனியுங்கள்: உண்மையைக் கேட்டு வளையத் தெரிந்தவர்தான், அந்த உண்மைக்காக வளையாமல் நின்றார். பாரவோன் தன் சொல்லைக் காக்க மற்றவர்களைத் துன்பப்படுத்தினான். தேவசகாயம் கடவுளைக் காட்டிக்கொடாதிருக்கத் தாமே துன்பப்பட்டார்.

நாம் எந்தப் பக்கம்? பாகப்பிரிவினையில் ஒரு முழ வரப்புக்காக உடன்பிறந்தவனோடு பேச்சை நிறுத்தியவர்கள் நம்மிடையே இல்லையா? திருநாளில் தமக்கு மரியாதை தரவில்லை என்று கோயில் படி மிதிக்காதவர்கள் இல்லையா? யாராவது சமாதானம் பேசப் போனால், "எனக்கு வைராக்கியம் உண்டு, சுவாமி" என்கிறார்கள். இது வைராக்கியமன்று, வீம்பு. தகப்பன் கண்ணை மூடியபின் பிள்ளைகள் சொத்தோடு பகையையும் சேர்த்தல்லவா பங்கிட்டுக்கொள்கிறார்கள்? பேசாமல் கிடந்த அண்ணன் பிரேதமாய்க் கிடக்கும்போது, தம்பி வந்து அழுது பயன் என்ன?

ஆகையால் இரவில் படுக்கப் போகுமுன் உங்கள் ஆத்துமத்தைச் சோதித்துப் பாருங்கள். இன்று நான் விடாமல் பிடித்துக்கொண்டது தேவ கற்பனையையா, என் சொல்லையா? அதற்காக நான் கஷ்டப்பட்டேனா, என் வீட்டார் கஷ்டப்பட்டார்களா? எனக்குப் புத்தி சொன்னவரின் பேச்சை முழுதும் கேட்டேனா?

பீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு சமாதானமாகும்படி நம் ஆண்டவர் கட்டளையிட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன், பேச்சு நின்றுபோன அந்த வீட்டுக்குப் போங்கள். முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள். விசுவாசத்தில் மலைபோல் நிற்க விரும்புகிறவன், சகோதரன் வாசலில் குனிந்து நுழைய வெட்கப்படலாகாது.

கல்லான இருதயத்தை எடுத்துவிட்டு, உம்மில் நிலைத்திருக்கும் இருதயத்தை எங்களுக்குத் தந்தருளும், சுவாமி. ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்