தெளிந்த நீரைக் குடித்த பின் கலக்கலாமா?



எசேக்கியேல் ஆகமத்தின் 34ஆம் அதிகாரம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. மந்தையை மேய்க்காமல் தம்மையே மேய்த்துக்கொண்ட ஆயர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளும் அதிகாரம் அது. தலைவர்களில் குறை காணும்போது இதனை எடுத்துச் சொல்ல மக்கள் தயங்குவதில்லை, அதில் தவறுமில்லை. ஆனால் அந்த அதிகாரம் ஆயர்களோடு முடிந்துவிடவில்லை. 17ஆம் வசனத்திலிருந்து ஆண்டவர் மந்தையின் பக்கம் திரும்புகிறார். தெளிந்த நீரை வயிறாரக் குடித்துவிட்டு, மிஞ்சியதைக் காலால் கலக்கிவிட்டுப் போன கொழுத்த ஆடுகளிடம் கணக்குக் கேட்கிறார். பின்னால் வந்த மெலிந்த ஆடுகள் அந்தச் சேற்றைத்தானே குடிக்க வேண்டியதாயிற்று என்பது அவருடைய வழக்கு.

நீரை அசுத்தப்படுத்துவதைச் சுகாதாரக் குறைபாடு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிறோம். இறைவாக்கினரின் வாயில் அது பின்னால் வருகிறவனுக்குச் செய்யும் அநீதியாகிறது. ஆகவே அது ஆத்தும சோதனைக்குரிய விடயம். இவ்வாரம் அந்த அதிகாரத்தின் ஒழுங்கிலேயே, முதலில் ஆயர்களையும் பின்பு மந்தையையும் பற்றிச் சிந்திப்போமாக.

அதிகாரத்தில் இருப்பவர்கள் தம் கடமையை மறந்தால் மக்கள் என்ன செய்யலாம்? இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கோர்ன்வால் கரையோரத்தில் ஒரு காலத்தில் மலக்கழிவு சுத்திகரிக்கப்படாமலே குழாய் வழியாகக் கடலில் விடப்பட்டு வந்தது. அலைச்சறுக்கு விளையாடிய இளைஞர் அந்த நீரில் இறங்கி நோயோடு வீடு திரும்பினர். 1990ஆம் ஆண்டில் அவர்கள் ஒன்றுகூடி, கழிவுநீருக்கு எதிராக ஒரு சங்கம் அமைத்தனர். நீரில் இறங்கும் உடையோடும் நச்சுவாயு முகமூடியோடும் பொது இடங்களில் போய் நின்றனர். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் கடலில் என்ன கலக்கிறது என்ற கேள்வியை எவராலும் மறைக்க முடியவில்லை. நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டுமென ஐரோப்பியச் சமூகம் 1991இல் பணிப்புரை பிறப்பித்தது. அது ஏட்டில் உறங்கிவிடாதபடி இவர்கள் விடாது தட்டினர். இன்றும் அடைமழை வேளைகளில் அங்கே கழிவுநீர் கடலில் திறந்துவிடப்படுகிறது, சங்கமும் ஓயவில்லை. நீதி கேட்டு நடுவனின் வாசலை விட்டு அகலாத சுவிசேஷத்துக் கைம்பெண்ணை இவர்கள் நினைவூட்டவில்லையா?

அவ்வளவு தூரம் போவானேன்? 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் சிந்தி, நீர்கொழும்புக் கரையெங்கும் பனிபோல் குவிந்தன. தொழிலுக்குப் போக வேண்டாமென்று மீனவர் தடுக்கப்பட்டனர். அந்தக் கரையில் வாழ்வோரில் பெருந்தொகையினர் நம் திருச்சபையின் பிள்ளைகள். மல்கம் ரஞ்சித் கர்தினால் ஆண்டகையும் சுற்றாடல் அமைப்பினரும் பாதிக்கப்பட்டோரும் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். நான்கு ஆண்டுகள் கழிந்து, 2025 ஜூலை 24ஆம் திகதி, கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக் கிடைப்பது வேறு, மீனவன் கையில் நீதி சேர்வது வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒன்றாய்க் கேட்டிராவிட்டால் அந்தத் தீர்ப்பும் வந்திராது.

இனி மந்தையின் கணக்கு. இங்கேதான் நமக்குச் சங்கடம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கடல் நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். வீட்டுக்கு வீடு வேலியும் மதிலும் இருக்கலாம். நிலத்தின் கீழே நம் எல்லோருக்கும் ஒரே தண்ணீர். அந்த வளவுகளுக்குள்தான் மலசலகூடக் குழிகளையும் வெட்டியிருக்கிறோம். “எங்கள் குழி இருபது வருடமாக நிரம்பவில்லை” என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. அடியில் சீமெந்து இடாத அந்தக் குழியில் இருபது வருடம் இறங்கியது எங்கே போயிற்று? வெடிப்பு வழியே போனது. அயலவரின் கிணறும் அந்த வழியில்தான் இருக்கிறது.

குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்துள்ளன. தோட்டத்துக்கு அளவின்றி இடும் உரமும் மலக்குழியும் அதற்குக் காரணங்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும்போது, கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கவுங்கூடும். எசேக்கியேல் சொன்ன மெலிந்த ஆடு எதுவென்று இப்போது தெரிகிறதல்லவா? அது பக்கத்து வளவுத் தொட்டிலில் கிடக்கிறது.

கக்கூசைப் பற்றி ஞானப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். உபாகமம் 23ஆம் அதிகாரத்தை அவர்கள் வாசிக்கட்டும். பாளையத்துக்கு வெளியே போய், குழி தோண்டி, மலத்தை மண்ணால் மூட வேண்டுமென்று அங்கே கட்டளையிருக்கிறது. ஆண்டவர் பாளையத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கடவுள் தம் சட்டத்தில் சேர்த்ததைப் பேச நாம் கூசத் தேவையில்லை.

என்ன செய்யலாம்? உங்கள் கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். புதிதாக வீடு கட்டுவோர் கசியாத தொட்டி கட்டுங்கள். வாசலுக்குப் போடும் மாபிளைச் சற்றுக் குறைத்தாவது கட்டுங்கள். தொட்டியை வெறுமையாக்க வரும் பவுசர் அதனை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கடலேரியிலோ வெறுங்காணியிலோ ஊற்றுவதாயின், பங்கிலுள்ள சபைகளும் இளைஞர் மன்றமும் சேர்ந்து, அயலிலுள்ள சைவ சகோதரரையும் அழைத்துக்கொண்டு, கையொப்பத்தோடு பிரதேச சபைக்குப் போகட்டும். ஒருவர் போனால் முறைப்பாடு. ஊர் போனால் கோரிக்கை. முதல் தடவை பதில் வராவிட்டால் இரண்டாம் தடவையும் போங்கள்.

அத்தோடு நம் ஆலய வளவையும் பாருங்கள். திருவிழாவின் மறுநாள் காலையில் அங்கே சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளும் சொப்பிங் பைகளும் முதல் மழையோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலோடு கடலுக்கும் போகின்றன. கப்பல்காரர் சிந்தியதற்கு வழக்கு வைத்த நாம், நாம் சிந்துவதற்கு யாரிடம் கணக்குக் கொடுப்போம்?

அதே எசேக்கியேல் 47ஆம் அதிகாரத்தில் வேறொரு காட்சியைக் காண்கிறார். ஆலயத்தின் வாசற்படியின் கீழிருந்து நீர் புறப்படுகிறது. அது ஆறாகப் பெருகி, உப்புக் கடலில் விழுந்து, அந்தக் கடலையே குணப்படுத்துகிறது. மீன்கள் பெருகுகின்றன, கரையெங்கும் மீனவர் வலை விரிக்கிறார்கள். பாஸ்கா இரவில் நீரை ஆசீர்வதித்து, அதில் நம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நமக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று. அடுத்த திருவிழா முடிந்தபின் நம் ஆலய வாசலிலிருந்து எது புறப்பட்டுக் கடலுக்குப் போகப்போகிறது என்பதை, பங்குமக்களே, இப்போதே கூடித் தீர்மானியுங்கள். அந்தக் கூட்டத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.